ராணிக்குச் சாமரம் வீசியவள்

தொலைக்காட்சியில் ராஜா ராணி நாடகம் ஓடினால் என் கண் நடிப்புக்குப் போகாது, உடுப்புக்குத்தான் போகும். ராணியின் சட்டை முதுகில் இழுத்துப் பூட்டும் சிப் இருக்கிறதா, அரசனின் செருப்புக்கு ரப்பர் அடியா, மந்திரியின் சால்வையில் ஊக்கு தெரிகிறதா என்று தேடுவேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவனுக்கு வேறென்ன வேலை? கண்ட பிழைகளையெல்லாம் அந்தந்த நிலையத்துக்கு எழுதிப் போடுவேன். பெரும்பாலும் பதில் வராது. அதற்காக நான் எழுதுவதை விட்டதும் இல்லை.

"என்னங்க, கதையைப் பாருங்களேன்" என்பாள் என் மனைவி. "ராணி அழுவுறா, நீங்க தையலைப் பார்க்கிறீங்க."

கண்டி அரசர் காலத்து நாடகம் ஒன்றை எங்கள் பலாபத்வலைப் பக்கம் படம்பிடிக்க வந்தார்கள். அரண்மனைப் பணிப்பெண்களாக நிற்க ஊர்ப் பெண்களைக் கேட்டார்கள். என் மனைவிக்கும் ஆசை. ஆனால் உடுப்பைக் கண்டதும் பின்வாங்கினாள். சட்டை கிடையாது, மார்போடு இறுக்கிக் கட்டிய துணி மட்டும், தோள் இரண்டும் திறந்திருக்கும். "இந்த வயசுல இது என்ன கோலம்" என்றாள். நான்தான் விடவில்லை. "அந்தக் காலத்துல வேலைக்கு நின்னவங்க அப்படித்தான் உடுத்துனாங்க. இதையாவது ஒழுங்கா செஞ்சிருக்கானுங்க, நீ கெடுத்திடாத" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஒளிபரப்பான அன்று பக்கத்து வீட்டார் எல்லாம் எங்கள் வீட்டில். திரையில் அவள் ராணிக்குப் பின்னால் நின்று சாமரம் வீசினாள். ஒருதரம் ராணியை எட்டிப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். நாலைந்து விநாடி இருக்கும். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தது அவளுடைய இடது தோளை. சின்ன வயதில் பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்திய தழும்பு அங்கே வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. கண்டி அரண்மனையில் அம்மைப்பால் ஏது? உடை சரி, உடம்புதான் பிழை. மறுநாளே கடிதம் எழுதினேன். அது என் மனைவி என்று அதில் சொல்லவில்லை. வீட்டுக்காரி என்பதற்காகப் பிழையை விட்டுவிடக் கூடாது என்று ஒரு வீம்பு. வீம்பு என்று இப்போது சொல்கிறேன். அப்போது நேர்மை என்றுதான் நினைத்தேன்.

பதில் வந்தது. மறு ஒளிபரப்பில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டதாக, நன்றியோடு எழுதியிருந்தார்கள். சிங்களத்தில் இருந்ததை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன், பெருமையாக. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிழைன்னா எடுக்கத்தானே வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, சுளகைப் பார்த்தபடியே, "மூஞ்சியை மட்டும் வச்சிருக்கலாம்ல?" என்றாள். நான் ஏதோ விளக்கம் சொன்னேன்.

முதல் தடவை கரண்ட் இல்லாமல் பார்க்கத் தவறிய அவள் தங்கச்சி, உக்குவளையிலிருந்து மறு ஒளிபரப்பைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தாள். முழுக்கப் பார்த்தும் அக்காவைக் காணவில்லையாம். இவள் என் பக்கம் திரும்பாமலே, "கூட்டத்துல நின்னேன்டி, தெரிஞ்சிருக்காது" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்து, நாலு வார்த்தை திட்டியும் இருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வலிக்காது.

போன வருடம் அவள் போய்விட்டாள். காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றாள், மத்தியானம் இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. போட்டோக்கள் இருக்கின்றன, கல்யாணத்தில் எடுத்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது. எல்லாவற்றிலும் போட்டோக்காரன் சொன்னபடி விறைத்து நிற்கிறாள். அவள் திரும்புவதையோ சிரிப்பதையோ யாரும் பிடித்துவைக்கவில்லை. அந்த நாலைந்து விநாடிதான் இருந்தது.

நிலையத்துக்குப் போன் எடுத்து, முதலில் போட்ட பிரதி வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டேன். எடுத்த பெண் பொறுமையானவள். தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அதுல ஒரு பிழை இருந்திருக்கு சேர். யாரோ எழுதிச் சொல்லித் திருத்தியிருக்காங்க. பழையதை அழிச்சாச்சு. சரியானது மட்டும்தான் இருக்கு."

"அதுலதான் என் மனைவி இருந்தா" என்றேன். அந்தப் பெண், தன் பிழைபோல, மன்னிப்புக் கேட்டாள்.

நாடகம் இப்போது போனிலேயே கிடைக்கிறது. ராணி வந்து உட்காருகிறாள். உடனே அடுத்த காட்சி. பார்த்துவிட்டு அழுகிறேன். குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.