பைக்கு இரண்டு டிக்கெட்

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். முகூர்த்த நாள். கேட்க வேண்டுமா? பஸ் உள்ளே நுழைவதற்குள் பாதிக் கூட்டம் அதன் கூடவே ஓடியது. நானும் ஓடினேன். ஜன்னல் வழியாக என் கட்டைப் பையைத் தூக்கி ஒரு சீட்டில் போட்டேன். தீர்ந்தது விஷயம். இனி அது என் சீட்டு. எல்லோரும் இடித்துக்கொண்டு ஏறி முடித்த பிறகு நிதானமாக ஏறிக்கொள்ளலாம்.

ஆனால் என் வீட்டுக்காரர் அலறிவிட்டார்.

"ஏய் கோமதி... பைல பாஸ்போர்ட்டு இல்லியே?"

பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "விழ்ப்ரம் போறதுக்கு இன்னாத்துக்குங்க பாஸ்போர்ட்டு?"

நியாயமான கேள்விதான். அங்கே பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெண் நித்யா அமெரிக்காவில் இருக்கிறாள். கடைசியாக அங்கே போயிருந்தபோது, பெண்ணும் மாப்பிள்ளையுமாக எங்களைக் கரீபியன் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போனார்கள். ராத்திரியெல்லாம் கப்பல் ஓடும். காலையில் ஏதாவது ஒரு தீவில் நிற்கும். இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்குள் ஏறிவிட வேண்டும். கப்பல்காரர்களே காசு வாங்கிக்கொண்டு பஸ் வைத்து ஊர் காட்டுவார்கள். அந்த டூரில் போனால் லேட்டானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போய் லேட்டானால்... டாட்டா காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் பெற்றவர்களின் நிலைமை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பால் வாங்கக் கார். கோயிலுக்குக் கார். நம்மை ஏற்றுவார்கள், பெல்ட் போட்டுவிடுவார்கள், இறக்குவார்கள். ஊரில் டீ குடிக்கிற சாக்கில் நாலு தரம் கடைத்தெருவுக்குப் போய்வரும் என் வீட்டுக்காரர், அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு நாய் எப்போது வெளியே வருகிறது, எப்போது உள்ளே போகிறது என்று கவனிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அப்படிப்பட்டவர், மறுநாள் கிரெனடா என்ற தீவு வருகிறது என்றதும் கப்பலின் டைனிங் ஹாலில் அறிவித்தார்:

"நாளைக்கு நானும் உங்கம்மாவும் தனியா போய்ட்டு வர்றோம். டூரு கீரெல்லாம் வாணாம்."

நித்யாவின் கையில் இருந்த ஸ்பூன் பாதி வழியில் நின்றது. "அப்பா, இது விழுப்புரம் இல்லப்பா."

"பஸ்ஸு ஓடுதா இல்லியா?"

"ஓடுதுதான்..."

"பஸ்ஸு ஓடுற ஊர்ல எங்களுக்கு இன்னா பயம்?"

மாப்பிள்ளை சமாதானத்துக்கு வந்தார். நித்யா ஒரு கண்டிஷன் போட்டாள். "சரி, போங்க. ஆனா ஒரு நிமிஷம் லேட்டானாலும், அதுக்கப்புறம் எங்கயும் தனியா கிடையாது. கப்பல்லயும் சரி, வீட்டுக்குப் போனப்புறமும் சரி. வாக்கிங்கூட எங்க கூடத்தான். ஓகேவா?"

ஓகே சொல்லிவிட்டோம். எங்கள் மொத்தச் சுதந்திரத்தையும் ஒரே நாள் மீது வைத்துவிட்டோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

காலையில் இறங்கினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏசி பஸ்ஸில் ஏறி, அருவி பார்க்கப் போனார்கள். நாங்கள் டாக்ஸிக்காரர்களைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால்... பஸ் ஸ்டாண்ட்! வரிசையாக மினி வேன்கள். உள்ளே டமடமவென்று பாட்டு. முன்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் வண்டிக்கு ஒரு பெயர். கண்டக்டர்கள் ஊர் பெயரைக் கூவிக் கூவி ஆள் பிடிக்கிறார்கள். வண்டி ரொம்பினால்தான் எடுப்பார்கள்.

என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பல மாதங்களாக அந்த முகத்தில் பார்க்காத சிரிப்பு. "கோமதி, நம்ம ஊருக்கே வந்துட்டோம்டி!"

தீவின் மறுபக்கம் இருக்கும் கிரென்வில் என்ற ஊருக்கு ஏறினோம். அங்கே ஒரு நல்ல பழக்கம். வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் "குட் மார்னிங்" என்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் கோரஸாகத் திருப்பிச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஏறும்போது என்ன சொல்வோம்? "கொஞ்சம் நவுருங்க!" அவ்வளவுதானே? மலை மேல் ஏறி, பச்சைப் பசேலென்ற காட்டுக்குள் வளைந்து, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, வண்டி பறந்தது. இறங்க வேண்டியவர்கள் தகரத்தில் டக்டக்கென்று தட்டினார்கள். என் வீட்டுக்காரர் இறங்கும்போது தேவைக்கு அதிகமாகவே தட்டினார்.

கிரென்வில்லில் மார்க்கெட் பார்த்தோம். கடல் பார்த்தோம். உருளைக்கிழங்கு வைத்த ரொட்டி சாப்பிட்டோம். நம் நாட்டிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம் அங்கே இன்னும் இருக்கிறது. ரொட்டிக்குள் இருந்த கிழங்கில் மஞ்சள் வாசனை வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மத்தியானம் இரண்டரை மணி சுமாருக்குத் திரும்பலாம் என்று ஸ்டாண்டுக்கு வந்தோம். அடுத்துப் போகும் வேனின் கண்ணாடியில் 'பொறுமை' என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பாதிதான் ரொம்பியிருந்தது. நான் என்ன செய்திருப்பேன்? ஜன்னலோரம் இரண்டு சீட்டையும் அடைத்தாற்போலக் கட்டைப் பையைப் போட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் இருவரின் பிறவிக்குணத்தைச் சொல்லியாக வேண்டும். நான் திண்டிவனத்துக்காரி. பஸ்ஸைப் பார்த்தால் பை போடுவேன். அவர் விழுப்புரத்துக்காரர். ஜங்ஷன் பக்கத்திலேயே வளர்ந்தவர். வண்டி நின்றால் இறங்கி உலாத்தாமல் அவரால் இருக்க முடியாது. ரயில் நகர ஆரம்பித்த பிறகு, பெரிய மனசு பண்ணி ஏறுவார்.

"உள்ள புழுங்குது. வா, அப்டியே ஜாதிக்கா வாங்கிக்கினு வந்துரலாம்."

"வண்டிய எடுத்துட்டா?"

"ரொம்பாம எப்டி எடுப்பான்? எடுத்தாலும் ஹாரன் அடிப்பான்ல?"

நியாயமாகத்தான் பட்டது. எதிரிலேயே ஜாதிக்காய்க் கடை. கடைக்கார அம்மாவோடு பேரம் பேசி, வாங்கி, திரும்பிப் பார்த்தால்... அந்த இடம் காலி.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நம் ஊரில் சீட்டில் பை இருந்தால், ஆள் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். பஸ் கிளம்பினால் நாலு பேர் "இருப்பா, ஆளு வருது!" என்று கத்துவார்கள். அங்கே பை இருந்தால் சீட்டு ரொம்பிவிட்டது என்று அர்த்தம். கண்டக்டர் தலைகளை எண்ணினார். என் பையையும் இரண்டு தலையாக எண்ணினார். வண்டி ஃபுல். ரைட்!

அந்தப் பைக்குள்ளேதான் இரண்டு பாஸ்போர்ட், கப்பலில் ஏறுவதற்கான இரண்டு கார்டு, அவருடைய பிரஷர் மாத்திரை, நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மல்லாட்டை உருண்டை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) எல்லாம் இருந்தன. பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வைக்கச் சொல்லி நித்யா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "பாஸ்போர்ட்ட உட்டுட்டு எவனாவது வெளிய போவானா?" என்று எடுத்து வைத்தவர் இவர்தான்.

"நீ எதுக்குப் பைய போட்ட?"

"நீங்க எதுக்குங்க ஜாதிக்கா வாங்கக் கூப்ட்டீங்க?"

"ஜாதிக்கா வாணாம்னு சொல்ல வேண்டிதான?"

நடுக்கடலில் ஒரு தீவு. எங்கள் இருவரையும் தவிர யாருக்கும் புரியாத மொழி. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சண்டை போடலாம். போட்டோம். ஆனால் வாய் சண்டை போட்டாலும் மனசெல்லாம் கப்பல் மேலேயே இருந்தது. கப்பல் போய்விட்டால்? நித்யாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. கூடவே, ஜன்னலோரம் உட்கார்ந்து நாயைப் பார்க்கும் இவரின் முகமும் வந்தது. பின்னதுதான் அதிகமாக வலித்தது.

ஜாதிக்காய்க்கார அம்மா எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சைகையும் இங்கிலீஷுமாகச் சொன்னேன். வண்டி பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பொறுமையா? அவனுக்குப் பேர்ல மட்டும்தான் பொறுமை!" உடனே போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டார். பை பத்திரமாக இருக்கிறதாம். துறைமுக ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு நிற்பானாம்.

சரி, நாங்கள் எப்படிப் போவது? அடுத்த வேனில் மூன்றே பேர். கண்டக்டர் நிழலில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆள் வராமல் எடுக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மத்தியான வெயில். ஸ்டாண்டில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் மார்க்கெட்டுக்குள் இருந்தார்கள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

வேன் கதவைத் திறந்தார். படியில் ஒரு காலை வைத்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் வண்டியின் வயிற்றில் தடதடவென்று தட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்:

"சென்ஜார்ஜ் சென்ஜார்ஜ் சென்ஜார்ஜேய்ய்...! ஏறு ஏறு, ஜல்தி! எடம் கீது, எடம் கீது!"

தலைநகரின் பெயர் செயின்ட் ஜார்ஜஸ். 'விழ்ப்ரம் விழ்ப்ரம் விழ்ப்ரமேய்' என்று நம் ஸ்டாண்டில் கூவுவார்களே, அதே ராகம். மார்க்கெட்டே வெளியே வந்து பார்த்தது. வெள்ளைச் சட்டை போட்ட, சர்க்கார் உத்தியோகத்தில் ரிட்டயரான, வீட்டில் என்னிடம்கூடக் குரல் உயர்த்திக் காபி கேட்காத மனுஷர்! நான் மட்டும் சும்மா இருப்பேனா? காய்கறிக் கூடையோடு வந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தேன். மீன் வாங்கிக்கொண்டு வந்தவரை, "வாங்க வாங்க, ஜன்னல் சீட்டு" என்று தமிழிலேயே ஏற்றினேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். இதில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே செயின்ட் ஜார்ஜஸ் போகிற வேலை இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கண்டக்டர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்தார். வண்டி ஃபுல். என் வீட்டுக்காரர் கடைசியாகத் தொற்றிக்கொண்டு, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட்... போலாம் போலாம்!"

வழியெல்லாம் வேனில் ஒரே சிரிப்பு. நான் மட்டும் மலை வளைவில் கடல் தெரிகிற போதெல்லாம் கப்பல் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஸ்டாண்டில் 'பொறுமை' பொறுமையாகவே நின்றிருந்தது. டிரைவர் பையை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கப் போனால், கண்டக்டர் இரண்டு விரலைக் காட்டினார். பை இரண்டு சீட்டில் உட்கார்ந்து வந்ததாம். இரண்டு டிக்கெட்!

"பைக்கு எதுக்குப்பா டிக்கெட்டு?" என்று இவர் நியாயம் பேச ஆரம்பித்தார். பின்னால் கப்பல் புகை விட்டுக்கொண்டிருக்கிறது!

"ஏங்க, பேஜாரு பண்ணாம குடுத்துட்டு வாங்க!" என்று கத்தினேன். காசோடு மல்லாட்டை உருண்டை முழுவதையும் டிரைவர் கையில் திணித்துவிட்டு ஓடினோம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பலர் போட்டோ எடுத்தார்கள். எங்கேயாவது கண்ணில் பட்டால், அது நானில்லை.

கார்டைக் காட்டி ஏறியதும், மூச்சு வாங்க, என்ன பொய் சொல்வது என்று இருவரும் கலந்து பேசி முடிவு செய்தோம். பெண்ணின் ரூம் கதவைத் தட்டினால்... திறக்கவில்லை. நாலு மணியும் ஆகிவிட்டது. கப்பல் நகரவில்லை. விசாரித்தால், கப்பல்காரர்களின் டூர் பஸ் ஒன்று மலையில் பஞ்சராம். அவர்களுக்காகத்தான் காத்திருக்கிறதாம்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முகம் கழுவி, தலை வாரி, உடுப்பு மாற்றி, ஆளுக்கொரு டீயோடு மேல்தளத்துக் கம்பியோரம் போய் நின்றுகொண்டோம். கடைசியில் ஏசி பஸ் வந்து நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் வியர்த்து வழிய ஓடி வந்தார்கள். மேலே இருந்தவர்கள் கை தட்டினார்கள். எங்கள் கைகளும் சேர்ந்துகொண்டன என்பதை மறைக்க விரும்பவில்லை.

"நீங்க எப்பம்மா வந்தீங்க?" என்றாள் நித்யா, மூச்சிரைத்தபடி.

"நாங்களா?" டீயை ஒரு வாய் உறிஞ்சினார் இவர். "நாங்க வந்து டீயே குடிச்சிக்கினு இருக்கோம். உங்களத்தான் இன்னும் காணோமேன்னு பாத்தோம்."

பொய்யில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஜெயித்துவிட்டோம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ராத்திரிச் சாப்பாட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"மாமா, இனிமே டூரே வேணாம். நாளைக்கு நாங்களும் உங்க கூடவே பஸ்ல வர்றோம். நீங்கதான் எல்லாம் கரெக்டா பண்றீங்க."

என் வீட்டுக்காரரின் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! மேஜைக்கடியில் அவர் கையை அழுத்தினேன். "தாராளமா வாங்க மாப்ள" என்றேன்.

ஆனால் மறுநாள் சீட்டுப் பிடிக்க, மாப்பிள்ளையின் பையைத்தான் போட்டேன்.