பெண்கள் வாட்டில் ஒரு தாத்தா

காஞ்சிபுரச் சேலையொன்றைத் தன் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ அக்கா. எடுக்காட்டிலும் காரியமில்லை, இண்டைக்கே பாத்திட்டுப் போங்கோ" என்று வாசல் வரை போய் மறிக்கிறாள் ஐறீன். எடுக்க மனமில்லாதவர்கள் "நாளைக்கு வாறன்" என்று நழுவுவது வெள்ளவத்தைப் புடவைக் கடைகளில் வழமைதானே! மற்றப் பிள்ளைகள் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். இவள் விடமாட்டாள். முதலாளி பாலசுந்தரம் இதை வியாபாரக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொண்டிருக்கட்டும், பாவம்.

வாய் என்றால் அப்படியொரு வாய். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே கால் வைக்குமுன் முறை தயாராகிவிடும். பொட்டு வைத்தவர் அக்கா, சிங்களப் பெண் அக்கே, கவுன் போட்ட கிழவி அன்ரி, முக்காடு போட்டவர் தாத்தா. கொழும்பு முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். "தாத்தா, ஒங்களுக்கெண்டே எடுத்து வச்சனான்" என்று அவள் இழுக்கும் இழுப்பில் வந்தவர் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கலியாணம் இல்லை. கடையில் ஊர்ப்பட்ட உறவு. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிக்குத் திரும்பிப்போய்க் கதவைத் திறந்தால் ஏனென்று கேட்க ஒரு சீவன் இல்லை.

போன தவக்காலம் வரை தாய் எவ்லின் இருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் நேரம் முடிந்து மணி அடித்தபோது, "இன்னும் கொஞ்சம் இரன் பிள்ளை" என்று மகளின் கையைப் பிடித்தார். "மணி அடிச்சிட்டுது அம்மா, நாளைக்கு வாறன்" என்று ஐறீன் கையை விடுவித்துக்கொண்டு வந்தாள். விடியுமுன் தாய் போய்விட்டார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்தச் சொல் அவள் தொண்டையில் இன்னும் மீன்முள்ளாகத்தான் நிற்கிறது.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எதிர் வீட்டு ஹபீலா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். முப்பத்தோராம் நாள் பூசையோடு சொந்தக்காரர் எல்லாரும் கழன்றுவிட்டார்கள். ஹபீலாவின் தட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஐறீன் இருட்டுக்குள் சுருண்டு கிடந்தால் கதவு உடைகிற மாதிரித் தட்டுவார். "உம்மா மவுத்தாகிட்டாங்க, செரி. நீ தின்னாம ஈந்தா திரும்பி வரவா போறாங்க? தொறடீ!" அவரும் விதவைதான், ஒரே மகன் தாஸிம் இரத்மலானையில் குடியிருக்கிறான். திட்டும் சோறுமாக நாள் போகப் போக இரண்டு வீட்டுச் சமையல் ஒன்றாகிவிட்டது. கடையில் வருகிறவர்களுக்குச் சொல்லும் தாத்தா வேறு, இந்தத் தாத்தா வேறு என்பது ஐறீனுக்கு அப்போதுதான் விளங்கியது.

போன செவ்வாய்க்கிழமை அந்தத் தாத்தா குசினியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஓட்டோ பிடித்து, மடியில் கிடத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்தவளும் ஐறீன்தான், தாஸிமுக்கு அறிவித்தவளும் அவள்தான். அவன் வந்ததும் மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு ஓடினாள். பையோடு திரும்பி வந்தால் காவற்காரன் வாசலில் மறித்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டான். சிங்களம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் பதற்றத்தில் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

"மகே தாத்தா!"

சிங்களவருக்கு 'மகே தாத்தா' என்றால் என் தகப்பன். "நோனா, இது பொம்பிளையள் வாட்டு. அப்பாவை அங்காலப் போய்த் தேடுங்க" என்று அவன் எதிர்க் கட்டடத்தைக் காட்டினான். வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா என்று திருத்தலாம். திருத்தினால் பெயரைக் கேட்பான். கழுத்தில் சிலுவை தொங்கும் ஐறீனுக்கு ஹபீலா எப்படி அக்கா என்று அடுத்ததாகக் கேட்பான். ஊரையே உறவு சொல்லி இழுக்கும் அந்த வாய், ஐயோ, ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடைசியில் தாஸிம்தான் இறங்கி வந்து, "எதிர் வீட்டு ஆள்தான், விடுங்க" என்று கூட்டிப் போனான். வாட்டு வாசலில் கிடந்த மர வாங்கில் இருத்தினான். "உம்மாக்கு இன்னும் மயக்கம் தெளியல்ல. இந்த ராவு தாண்டினாத்தான் சொல்லலாமாம். நீங்க வீட்ட போங்க ஆன்ட்டி, இனி நாங்க பாத்துக்கொள்றோம். நாளைக்கு வாங்களே."

மரியாதையாகத்தான் சொன்னான். இன்னொரு 'நாளைக்கு'வா? ஐறீனால் எழும்பவும் முடியவில்லை, இருக்கிறேன் என்று சொல்ல என்ன உரிமை என்றும் தெரியவில்லை. மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எதிர் வீட்டு ஆள். பொய்யில்லையே.

அப்போது கதவு திறந்து ஒரு தாதி தலையை நீட்டினாள். ஹபீலா கண் விழித்துவிட்டார், தங்கச்சி எங்கே என்று கேட்கிறார், தங்கச்சி யார், ஒருவர் மட்டும் கெதியாக வாருங்கள் என்று சிங்களத்தில் படபடத்தாள்.

தாஸிம் குழம்பிப்போனான். "உம்மாக்கு தங்கச்சி இல்லையே மிஸ். மயக்கத்தில ஏதோ கதைக்கிறாங்க."

ஹபீலா ஐறீனை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, 'அடியே'யோடு சரி. வேறு யாரையாவது கேட்கிறாரோ? செத்துப்போன சகோதரி யாரும் இருந்தாளோ? நானென்று எழும்பி, இல்லையென்று ஆகிவிட்டால்? தாதி தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைச் சாத்தத் தொடங்கினாள்.

ஐறீன் வாங்கில் இருந்தபடியே, வகுப்பில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி வலது கையை உயர்த்தினாள். தாதி கண்டுகொள்ளும் வரை இறக்கவில்லை.