எஸ்தர் அக்கா ஜிம்முக்கு வந்த காரணம்

இன்று காலை எங்கள் பாளையங்கோட்டை ஜிம்மில் எஸ்தர் அக்கா கண்கலங்கி நின்றிருந்தார்.

அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். போன வருடக் கடைசியில் சேர வந்தபோது, "உடம்பு குறைக்கவாம்மா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரவுக பக்கவாதத்துல படுத்துட்டாக. தூக்கி உக்கார வைக்க எனக்குத் தெம்பு இல்ல. பக்கத்து வீட்டு ஆளுகளக் கூப்பிட்டா வீட்டுக்காரவுக கூசிப் போறாக."

எடை தூக்கிப் பழகினால் முதுமையிலும் தசை வலுப்பெறும் என்றுதான் இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றன என்றார் பயிற்சியாளர். முட்டையும் சுண்டலும் தவறாமல் சாப்பிடச் சொன்னார். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கித் தூக்கப் பழக்கினார்.

இன்று அக்கா கண்கலங்கி நிற்பதைப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"இன்னைக்கு நானே அவுகளத் தூக்கி சன்னல் பக்கம் நாற்காலில உக்கார வச்சுட்டேன். ரொம்ப நேரம் தெருவையே பாத்துட்டு இருந்தாக. பொறவு, 'யாரையும் கூப்பிடலையா?'ன்னு கேட்டாக. இல்லன்னேன். என் கையப் புடிச்சிட்டு அழுதுட்டாக."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா எடையை எடுக்கப் போய்விட்டார்.

நான் ஜிம்மில் சேர்ந்தது, அண்ணன் மகள் கல்யாணத்துக்குள் பழைய பட்டு ரவிக்கை எனக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக. நீங்கள் எதற்காகச் சேர்ந்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.