ஏழாவது லாச்சியில் இருந்தவள்

அருங்காட்சியக வேலை என்றால் அமைதியான வேலை என்று நினைப்பீர்கள். இந்தச் சுவிஸில் ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் துடைத்துத் துடைத்து முதுகு முறிந்த உங்களைப் போலத்தான் நானும் அப்படி நம்பிப் போய்ச் சேர்ந்தேன். பேர்ணுக்குப் பக்கத்தில் நான் இருக்கிற சின்ன ஊர். உள்ளூர் வரலாற்றுச் சங்கம் பழைய பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் அருங்காட்சியகத்தை நடத்துகிறது. முதலில் துப்பரவு வேலை. பிறகு ஞாயிறுகளில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் என் தலையில் விழுந்தது.

வாளி கவிழ்ந்த நாள்

சேர்ந்த முதல் கிழமை. மேல்மாடி அலுமாரியில் லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஏழாவதை இழுத்தால், உள்ளே ஒரு மண்டையோடு என்னைப் பார்த்தபடி கிடக்கிறது. பக்கத்தில் கை எலும்புகள், ஒரு வெண்கல வளையல். வாளித் தண்ணீர் முழுக்க நிலத்தில்.

சத்தம் கேட்டுச் சங்கத் தலைவி ரெகுலா ஓடி வந்தா. யாரோ வீடு கட்டக் கிண்டியபோது கிடைத்தவளாம். ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்த வட்டாரத்தில் முதன்முதல் குடியேறிய கூட்டத்தில் ஒருத்தியாம். ரெகுலா நிலத்தைப் பார்த்தா, லாச்சியைப் பார்த்தா, கடைசியாகத்தான் என்னைப் பார்த்தா.

“அவவில தண்ணி படேல்லைத்தானே?”

பல் சொன்ன செய்தி

சில வருடங்கள் கழித்து அவளுடைய பல் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சின்ன வயதில் குடித்த தண்ணீரின் தடயம் பல்லில் தங்கிவிடுமாம். முடிவை அறியச் சங்கத்து ஆட்கள் எல்லாரும் கூடினார்கள். நான் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றேன். ரெகுலா வாசித்தா: இவள் இங்கே பிறந்தவள் இல்லை, எங்கேயோ தூர தேசத்தில் வளர்ந்து, பிறகு வந்தவள்.

முன்வரிசையில் வேர்னர் என்ற கிழவர் இருந்தார். அவளை வருகிறவர்களுக்குக் காட்டி, “எங்கட மூதாதை” என்று பெருமையாகச் சொல்கிறவர். முகம் வெளிறிப்போய் எழும்பினார். ஏனோ என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ரெகுலாவிடம் கேட்டார்:

“வேற பல் ஒண்டைக் குடுத்துப் பாக்கேலாதோ?”

தாளில் இல்லாத விடை

எனக்குச் சுவிஸ் குடியுரிமை கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு வைத்த நேர்முகத்தை இன்னும் மறக்கவில்லை. மூன்று பேர் இருந்தார்கள். இந்த ஊரின் முதல் குடிகள் யார் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். இதைவிட லேசான கேள்வி எனக்கு வரப்போவதில்லை என்று நினைத்து, புதைகுழியில் தொடங்கிப் பல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களுடைய தாளில் வேறு விடை இருந்திருக்கிறது. மூவரும் ஆளையாள் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் பேனையைக் கீழே வைத்தார்.

“இதை உங்களுக்கு ஆர் சொன்னது?”

மழைக்கு ஒதுங்கியவ

ஒரு ஞாயிறு, மழைக்கு ஒதுங்கி வசந்தி என்றொரு தமிழ்ப் பெண் உள்ளே வந்தா. ஓஸ்டர்முண்டிகனில் வீடு, ஆஸ்பத்திரியில் வேலை. அந்த எலும்புகள் இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. பழகிய வாயால் விளக்கிக்கொண்டு போனேன்: இவ்வளவு வயது, இவ்வளவு உயரம், தூர தேசத்திலிருந்து வந்தவள், பெயர்தான் தெரியாது, இன்னும் ஆராய்கிறார்கள்.

திரும்பினால், வசந்தி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறா. 2009இல் வன்னியில் தம்பி காணாமல் போனவனாம். தாய் இன்றைக்கும் அவனுடைய படத்தோடு, காணாமல் போனவர்களின் தாய்மார் போராடுகிற வீதியோரக் கொட்டிலில் போய் இருக்கிறாவாம். இத்தனை வருடம் இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று கதைத்தும், காணாமல் போன எங்கள் ஆட்களின் நினைப்பு எனக்கு வந்ததேயில்லை. வசந்தி என்னைப் பார்க்காமலே சொன்னா:

“ஆயிரம் வருசம் கழிச்சும் இவ ஆரெண்டு தேடுகினம், அக்கா. எங்கட தம்பியை ஒருத்தரும் தேடேல்லை.”

செத்தவர்களோடு வேலை செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை, அவர்களைப் பார்க்க வருகிற உயிருள்ளவர்களுக்குத்தான் நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது.