நகமளவு பனங்கட்டி

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பனங்கட்டியைக் குறைத்துக் கொடுக்க ஒருவருக்கு எப்படி மனம் வரும்? இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது.

சனிக்கிழமை குசினித் தட்டுகளை ஒதுக்கியபோது, வெற்றுப் போத்தல்களுக்குப் பின்னால் ஒரு பனங்கட்டிக் குட்டான் அகப்பட்டது. ஓலையைப் பிரித்ததும் எழுந்த மணம் என்னைத் தர்மபுரத்துக்கு, பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனது. சண்டைக்கு இடம்பெயர்ந்து அங்கே தங்கியிருந்தோம். தேத்தண்ணியோடு கடித்துக் குடிக்க, பெரியம்மா பாக்குவெட்டியால் பனங்கட்டி வெட்டுவார். தன் பிள்ளைகளுக்குப் பெரிய துண்டு. எனக்கு நகமளவு.

"ஒண்ட வந்த சனத்துக்கு இது காணும்" என்பார். அம்மா தலையைக் குனிந்தபடி குடிப்பார்.

தன் மகன் வெளிநாடு போனபின் பெரியம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அன்று பின்னேரம் அவருக்கு நகமளவு துண்டொன்றை வைத்தேன். பார்த்தார், எடுத்துக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தார். எனக்கு அது இனித்தது. சரியா பிழையா என்று யோசித்துக்கொண்டே அடுத்த மூன்று நாளும் அப்படியே செய்தேன்.

நேற்று என் மகள் தானே பனங்கட்டியை உடைத்தாள். தனக்குப் பெரியது, பெரியம்மாவுக்குத் துணுக்கு.

"ஏன் பிள்ளை இப்பிடி?"

"அவாவுக்கு இது காணும்தானே அம்மா. நீங்களும் இவ்வளவுதானே குடுக்கிறனீங்கள்."

பெரியம்மாவுக்குப் பெரிய துண்டு கொடுக்க இன்னும் என் கை வரவில்லை. கொடுக்காமல் மகளை எப்படித் திருத்துவது? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.