பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர்

போன திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. வெயில் காரணமில்லை. பால்பாண்டி நீட்டிய மனு!

பால்பாண்டி தாயில்பட்டிக்காரர். பட்டாசுக் கம்பெனி போர்மேன். வயிற்றில் புற்றுநோய். மதுரையில் மருந்து ஏற்றிவிட்டு வந்தால், நாலு நாளைக்கு இளநீர்கூட உள்ளே நிற்பதில்லை. வாட்டசாட்டமாக இருந்த மனுஷன்... இப்போது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்த வாந்திக்கு வெளிநாட்டில் கஞ்சாவிலிருந்து மருந்து கொடுக்கிறார்கள் என்று பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். டாக்டரோ, இங்கே எழுதித்தர வழியில்லை என்று கையை விரித்துவிட்டார். அதனால் கலெக்டரிடம் அனுமதி கேட்டு மனு.

அது எங்கே கிடைக்கும் என்று ஊருக்கே தெரியுமே, மனு எதற்கு என்று காதோடு கேட்டேன்.

"லைசென்ஸ் இல்லாத ஷெட்டுல என்ன நடக்கும்னு கண்ணால பாத்தவன் அண்ணாச்சி நான். எதுனாலும் பேப்பரோட இருக்கணும்."

மனுவைப் படித்தேன். அவருக்குத் தெரிந்த ஒரே விண்ணப்பம் பட்டாசு லைசென்ஸ். அதே மாதிரி எழுதியிருந்தார். இருப்பு எவ்வளவு, பூட்டி வைக்கும் இடம், அடுப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி, சாவி யாரிடம்... கடைசியில் 'பொறுப்பாளர்' - என் பெயர், விலாசத்தோடு!

நாலு பேருக்குத் தெரிந்த பெயராயிற்றே என்று போட்டாராம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கஞ்சாவும் என் பெயரும் ஒரே தாளில்! கேட்டில் நின்ற கான்ஸ்டபிள் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நாளைக்கு வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றால்? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் வேறு. வாராவாரம் இந்தப் பத்தியில் வீரம் பேசுகிற நான், "கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்" என்றேன்.

அதைப் போட்டுக்கொண்டுதான் மனுவையே படித்திருந்தேன்.

பால்பாண்டி என் பெயரை அடித்துவிட்டு, கூட வந்திருந்த மனைவியின் பெயரை எழுதினார். அந்தம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம என்ன அண்ணாச்சி? வெள்ளிக்கிழமை திரும்ப மருந்து ஏத்துறாக. அது இதைவிடப் பயமா இருக்கு" என்றார் பால்பாண்டி.

மனுவை வாங்கி சீல் குத்தினார்கள். பதில் இல்லை. வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. நேற்று போன் செய்தேன். தண்ணீர்கூட நிற்கவில்லை என்று அந்தம்மா அழுதார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் நான் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பால்பாண்டி, இந்தப் பத்தியின் தலையில் என் பெயர் இருக்கிறது. கத்தரித்து அடுத்த மனுவோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள். பொறுப்பாளர் நான்தான்.

கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன்.