பதினொரு பத்தாம் நம்பர்கள்

போன சனிக்கிழமை, நாங்கள் குடியேறிய இந்த நாட்டின் ஒடாஹுஹு மைதானத்தில் எங்கள் தமிழ் ஃபுட்பால் டீம் ஜாக்கெட்டைக் கழற்றியதும், ரெஃப்ரியின் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது.

பதினொரு பேர். பதினொரு மஞ்சள் ஜெர்சி. பதினொன்றிலும் நம்பர் பத்து! கோல்கீப்பர் உட்பட...

தப்பு என்னுடையதுதான். ஆடத் தெரியாதவன் என்பதால் என்னை மேனேஜர் ஆக்கியிருந்தார்கள். "ஆளுக்கொரு மஞ்சள் ஜெர்சி வாங்கி, பிடித்த நம்பரை அச்சடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வெளியே சொன்னால் வேறு யாராவது முந்திவிடுவார்களே என்று ஒருவரும் மூச்சு விடவில்லை.

அந்தப் பத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? ஏழைத் தெருவில் துணிப்பந்தை உதைத்து வளர்ந்து, உலகத்தையே எழுந்து நிற்க வைத்த அந்தத் தென்னமெரிக்கக்காரருடையது. அவர் ஆட்டத்தை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. எங்களில் ஒருவர்கூட அவரை நேரில் கண்டதில்லை. எல்லாம் வீடியோ கேசட் தரிசனம்தான். நாமெல்லாம் ரிட்டையர் ஆனால், மறுநாளே ஆபீஸ் வாட்ச்மேன் "யார் சார் நீங்க?" என்பார். அவருக்கோ ஒடாஹுஹுவில் பதினொரு வாரிசுகள்!

"செல்வராசா, நீங்களாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா?" என்றேன். ரானுயி என்ற புறநகரில் பெயின்டராக இருக்கும் மன்னார்க்காரர். வயது நாற்பத்தைந்து. ஆடுகிறவர்களில் மூத்தவர்.

"ஏலாது அண்ணை. இண்டைக்கு மட்டும் ஏலாது. மகள் வந்து நிக்கிறாள்."

எல்லைக்கோட்டோரம் காதில் வாக்மேனோடு நின்றாள் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண். மன்னாரில் தான் போட்ட கோல்களைப் பற்றி அப்பா கதைக்கும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றே ஒன்று: "யெஹ் ரைட், டாட்." சும்மா புளுகாதீர்கள் என்று அர்த்தம். பாவம் மனிதர்... அவருக்கு ஒரே ஒரு கோல் வேண்டும். அவள் கண்ணெதிரே வேண்டும்.

ரெஃப்ரி தலையில் அடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். திண்டாட்டம் எதிரணிக்குத்தான். "பத்தை மார்க் பண்ணு!" என்று அவர்களுடைய கோச் தொண்டை கிழியக் கத்தினார். எந்தப் பத்தை?

கடைசி நிமிஷம். கார்னர் கிக். கோலுக்கு முன்னால் ஏழெட்டுப் பத்துகள் எகிறின. பந்து யாரோ ஒருவர் முதுகில் பட்டு உள்ளே போனது. கோல்!

"நான்தான்! நான்தான்!" என்று அத்தனை பேரும் ஓடினார்கள். செல்வராசா மட்டும் ஓடவில்லை. சேற்றில் குப்புறக் கிடந்தார்.

ரெஃப்ரி நோட்டைத் திறந்தார். "விச் டென்?"

செல்வராசா எழுந்து வாயிலிருந்த சேற்றைத் துப்புவதற்குள் கோட்டோரத்திலிருந்து ஓர் அலறல் — "தட்ஸ் மை டாட்! தட் வாஸ் மை டாட்!"

வாக்மேன் புல்லில் கிடந்தது. மகள் மைதானத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

மேனேஜர் அழலாமா? தாராளமாக அழுதேன். ரெஃப்ரியின் நோட்டையும் எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை: டென், டாட்.

அடுத்த மேட்சுக்கு மற்ற பத்துப் பேரும் நம்பரை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். நானும்தான்... என் கோட்டுக்குள் இருந்த பன்னிரண்டாவது மஞ்சள் ஜெர்சியை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை!